வேண்டாம் என்று சொல்ல எத்தனை பவுண்டு வேண்டும்? 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் பெண்ணும் சமூகமும்: புதிய வாசகருக்கு முழுமையான வழிகாட்டி

ஜேன் ஆஸ்டினையும் பிராண்டி சகோதரிகளையும் கல்லூரிப் பாடமாகப் படித்தவர்கள் நம்மில் ஏராளம். தேர்வு முடிந்தபின் மனத்தில் தங்குவது பெரும்பாலும் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதுதான். அந்தக் கல்யாணம் நடக்காமல் போயிருந்தால் அவள் எங்கே குடியிருந்திருப்பாள், எதை வைத்துச் சாப்பிட்டிருப்பாள் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. இந்த நாவல்களின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு போகிறது. நாயகி எந்த இடத்தில் 'வேண்டாம்' என்கிறாள்? அப்படிச் சொல்ல அவளுக்கு எது துணை நின்றது? சொன்னதற்கு என்ன விலை கொடுத்தாள்? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே படித்தால் காதல் கதை போலத் தோன்றும் புத்தகத்துக்குள் ஒரு சமூகத்தின் வரவு செலவுக் கணக்கே தெரியவரும். கோட்பாட்டு நூல் எதுவும் முதலில் தேவையில்லை. ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: நாவலைத் திறக்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தில் திருமணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி இருப்பு கிடையாது. கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரு ஆள் கணவன். அவள் கையில் இருந்த பணம், பிறகு அவள் உழைத்துச் சம்பாதிக்கும் கூலி எல்லாமே அவனுக்குப் போகும். அவள் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடர முடியாது. வசதியுள்ள தகப்பன்மார் கல்யாணத்துக்கு முன்பே வக்கீலை வைத்து, மகளின் பணத்தை அறங்காவலர்கள் பொறுப்பில் தனியாக ஒதுக்கி எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்த வழி பணக்காரர்களுக்கு மட்டும். கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு அப்படி ஒரு காப்பு கிடையாது.

மாற்றம் துண்டு துண்டாகத்தான் வந்தது. மனைவி உழைத்துச் சம்பாதித்த பணம் அவளுக்கே என்றது 1870ஆம் ஆண்டுச் சட்டம். அவளுடைய சொத்து முழுவதும் அவளுக்கே என்று ஆக 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் முழுக்கத் தகப்பனுக்கே உரியவர்கள் என்ற நிலை 1839இல் சற்றே தளர்ந்தது. கணவனைப் பிரிந்து வந்து தன் பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் தவித்த எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் விடாமல் போராடியதால், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி தாய் நீதிமன்றத்தை நாட வழி பிறந்தது.

விவாகரத்தில் பாரபட்சம் இன்னும் வெளிப்படை. 1857 வரை மறுமணத்துக்கு வழிவிடும் விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். 1857இல் அதற்கென நீதிமன்றம் வந்தது. ஆனால், மனைவி சோரம் போனாள் என்று மட்டும் கணவன் நிரூபித்தால் போதும். மனைவியோ கணவனின் சோரத்தோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த வேறுபாடு நீங்க 1923 ஆயிற்று.

நாவல் எழுதப்பட்ட ஆண்டையும், கதை நடக்கும் ஆண்டையும் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டு இந்தத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'மிடில்மார்ச்' 1871-72இல் வெளிவந்தது. கதை நடப்பதோ 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில். எழுதுகிறவர் தெரிந்தேதான் சட்டம் இன்னும் கடுமையாக இருந்த காலத்துக்குப் போகிறார்.

படி 2: பவுண்டுக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள்

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கினி என்றால் 21 ஷில்லிங். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பணம் இருக்கிறது என்று நாவல் சொன்னால் அது பெரும்பாலும் முதல். அதில் நூற்றுக்கு நான்கோ ஐந்தோ எடுத்தால் வருட வருமானம் வந்துவிடும். ஓர் ஆணைப் பற்றி 'வருடத்துக்கு இவ்வளவு' என்றால் அது ஏற்கெனவே வருமானம்தான்.

இப்போது 'பிரைடு அண்ட் பிரஜுடிஸ்' (1813) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். டார்சிக்கு வருடத்துக்கு 10,000 பவுண்டு. பென்னட் குடும்பத்துக்கு 2,000. அந்த 2,000மும் தகப்பன் உயிரோடு இருக்கும்வரைதான். லாங்பர்ன் எஸ்டேட் ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி கட்டப்பட்டிருப்பதால், அவர் கண்ணை மூடினால் ஐந்து பெண்களும் தாயும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எலிசபெத்தின் பங்காக அவளுக்கு வரக்கூடியது 1,000 பவுண்டு, அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகு. நூற்றுக்கு நான்கு வட்டியில் வருடத்துக்கு 40 பவுண்டு.

இதை எலிசபெத்திடம் சொல்வது யார் தெரியுமா? அவளைப் பெண் கேட்டு வந்து நிற்கும் காலின்ஸ். அந்த எஸ்டேட்டுக்கு அடுத்த வாரிசும் அவர்தான். வட்டி விகிதம் உட்படச் சொல்லிக் காட்டிவிட்டு, இதை வைத்துக்கொண்டு உனக்கு இன்னொரு வரன் வருமா என்பதையும் நினைவூட்டுகிறார். அந்தக் காட்சியைச் சிரிப்புக்காக மட்டும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். காலின்ஸின் கணக்கில் பிழை இல்லை என்று உணர்ந்து படித்தால்தான் எலிசபெத்தின் 'வேண்டாம்' எவ்வளவு துணிச்சலானது என்று புரியும். மனநிம்மதிக்காக அவள் பணயம் வைப்பது தன்னுடைய கூரையை மட்டுமல்ல, தாய், சகோதரிகளின் கூரையையும்.

உடனே காலின்ஸ் அவளுடைய தோழி சார்லட் லூகஸிடம் போகிறார். அவளுக்கு வயது 27, சொத்து பெரிதாக இல்லை, சம்மதிக்கிறாள். அவளை எளிதாகக் குறைசொல்லிவிடாதீர்கள். ஆஸ்டின் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துவதே, ஒரே கேள்விக்கு அறிவுள்ள இரண்டு பெண்கள் எதிரெதிராகப் பதில் சொல்லக்கூடும் என்று காட்டத்தான்.

படி 3: ஓர் அத்தியாயத்தை மட்டும் வரிவரியாகப் படியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) நாவலின் இரண்டாம் அத்தியாயம். சில பக்கங்கள்தான். குடும்பத்துக்குள் ஒரு பெண்ணின் பங்கு எப்படிக் கரைகிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய பக்கங்களை நான் படித்ததில்லை.

சூழல் இதுதான். சசெக்ஸில் நார்லாண்ட் என்ற எஸ்டேட். தகப்பன் சாகும் தறுவாயில் மூத்த தாரத்து மகன் ஜான் டேஷ்வுட்டைக் கூப்பிட்டு, சிற்றன்னையையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள் என்று கேட்கிறார். மகனும் வாக்குக் கொடுக்கிறான். தங்கைக்கு ஆயிரம் வீதம் 3,000 பவுண்டு கொடுக்கலாம் என்று மனத்துக்குள் முடிவும் செய்துவிடுகிறான். நல்ல மனசுதான் என்று தனக்குத்தானே மகிழ்கிறான்.

பிறகு மனைவி ஃபேன்னி பேசத் தொடங்குகிறாள். நம் பிள்ளையின் பங்கில் இவ்வளவு குறையுமே என்கிறாள். சரி, ஆளுக்கு 500 போதும் என்று இறங்குகிறான். அதுவும் அதிகம் என்று தோன்ற, மொத்தமாகக் கொடுப்பதற்குப் பதில் சிற்றன்னைக்கு வருடம் 100 பவுண்டு என்கிறான். வருடாவருடம் பணம் வருகிறது என்றால் மனிதர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள் ஃபேன்னி. தன் தாய் மூன்று பழைய வேலைக்காரர்களுக்கு இப்படிக் கொடுத்துப் பட்ட பாட்டை விவரிக்கிறாள். அப்படியானால் அவ்வப்போது 50 பவுண்டு? அதுகூட வேண்டாம், உங்கள் தகப்பனார் பணத்தை மனத்தில் வைத்தே கேட்டிருக்க மாட்டார் என்கிறாள். வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான் ஏற்ற உதவுவது, பருவத்தில் மீனோ வேட்டைப் பறவையோ அனுப்புவது; இதுதான் அவர் கேட்டது என்று இருவரும் ஒத்துப்போகிறார்கள். இத்தோடும் நிற்கவில்லை. சிற்றன்னை எடுத்துக்கொண்டு போகும் பீங்கான் பாத்திரங்கள் அவர்கள் நிலைக்கு மிக உசத்தி என்று ஃபேன்னிக்கு ஆதங்கம்.

யாரும் குரலை உயர்த்தவில்லை, பொய் சொல்லவில்லை, மிரட்டவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் நியாயம்போல ஒலிக்கிறது. 3,000 பவுண்டு சுழியமாகிவிட்டது. அந்த நான்கு பெண்களுக்கும் சேர்த்து மிஞ்சியிருப்பது 10,000 பவுண்டு முதல், அதாவது வருடத்துக்கு 500. டெவன்ஷயரில் உறவினர் ஒருவர் கொடுக்கும் சிறிய வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் தொகை குறையும் ஒவ்வோர் இடத்தையும் கோடிட்டு, அங்கே எந்தக் காரணம் சொல்லப்படுகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். பெண்ணைப் பெண்ணே தடுக்கிறாள் என்ற மேலோட்டமான முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஃபேன்னியின் சொந்த நிலையும் கணவனின் சொத்தையும் மகனின் வாரிசுரிமையையும் நம்பியே இருக்கிறது. தனக்கென அதிகாரம் இல்லாதவள், கணவனின் காது வழியாகத்தான் அதிகாரம் செய்ய முடியும். ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) இந்த நாவலைத் தழுவிய படம். அதில் தாயும் மகள்களும் வீட்டை விட்டு இறங்கும் பகுதியைப் பார்த்துக் கலங்கியவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்தால், கலக்கத்துக்குப் பின்னால் உள்ள கணக்கும் பிடிபடும்.

படி 4: 'வேண்டாம்' வரும் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

இனி எந்த நாவலை எடுத்தாலும் நாயகி மறுக்கும் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்தப் பக்கத்துக்கு முன் ஐம்பது பக்கம், பின் ஐம்பது பக்கம் கவனமாகப் படித்தால் நாவலின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847) இதற்கு மிகச் சிறந்த பாடம். ஜேன் ஓர் அநாதை. லோவுட் பள்ளியில் ஆசிரியையாக வருடத்துக்கு 15 பவுண்டு வாங்கியவள், தானே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தார்ன்ஃபீல்டில் 30 பவுண்டு சம்பளத்தில், சாப்பாடு தங்குமிடத்தோடு, குழந்தைக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலையைப் பிடிக்கிறாள். கவர்னஸ் என்றால் வீட்டு மனிதர்களோடும் சேர்த்தி இல்லை, வேலையாட்களோடும் சேர்த்தி இல்லை. படித்த, பணமில்லாத நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குக் கௌரவம் கெடாத வேலை என்று அன்றைக்கு இருந்தது ஏறக்குறைய அது ஒன்றுதான்.

எஜமானர் ரோச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது திருமண நாளன்று தெரியவருகிறது. அவர் கெஞ்சுகிறார், தெற்கு பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்து வாழலாம் என்கிறார். அவளுக்கும் அவர்மேல் உயிர். இருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடியும் முன் வெளியேறுகிறாள். கையில் இருந்தது 20 ஷில்லிங். அது முழுவதும் கோச் வண்டிக் கட்டணத்துக்குப் போய்விடுகிறது; துணி மூட்டையை வண்டியிலேயே விட்டுவிடுகிறாள். வெட்டவெளியில் படுக்கிறாள். ரொட்டிக்காகக் கைக்குட்டையையும் கையுறையையும் கொடுக்க முன்வருகிறாள், கடைக்காரி வாங்க மறுக்கிறாள். பன்றிக்குக் கொட்டப்போன ஆறிய கஞ்சியை ஒரு சிறுமியிடம் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். மறுப்பின் விலையை சார்லட் பிராண்டி இப்படி வயிற்றில் வைத்துக் காட்டுகிறார். மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்புகள் முதலில் வெட்டுவது இந்தப் பக்கங்களைத்தான். முழு நூலைத்தான் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த இது ஒன்றே போதும்.

பின்னர் மடைராவில் இருந்த சிற்றப்பா இறந்து 20,000 பவுண்டு அவளுக்கு வருகிறது. அவள் அதை நாலாகப் பிரித்து, தன்னைக் காப்பாற்றிய உறவினர் மூவருக்கும் ஆளுக்கு 5,000 கொடுத்துவிட்டுத் தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு இரண்டாவது மறுப்பு. மதப்பணிக்காக இந்தியா புறப்படும் செயின்ட் ஜான் ரிவர்ஸ், ஜேனுக்கு ஹிந்துஸ்தானி எல்லாம் கற்றுக்கொடுத்து, மனைவியாக உடன் வரச் சொல்கிறான். அன்பு இல்லாத அந்தக் கல்யாணத்தை மறுக்கும்போது அவளுக்குப் பசி பயமில்லை. இரண்டு மறுப்புகளுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு 5,000 பவுண்டு. கடைசியில் ரோச்செஸ்டரிடம் அவள் திரும்புவதும் சம்பளக்காரியாக அல்ல. இந்தக் கதையின் தழுவல்தான் நம் ஊர் 'சாந்தி நிலையம்' (1969).

ஆன் பிராண்டியின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848) இன்னும் துணிந்த புத்தகம் என்பது என் கருத்து. தமிழில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஹெலன் கல்யாணமானவள், கணவன் ஹன்டிங்டன் குடிகாரன், ஊதாரி, மகனுக்கும் குடியைப் பழக்குகிறான். ஓவியம் வரைந்து விற்றுத் தப்பித்துப் போகலாம் என்று அவள் திட்டமிடுகிறாள். அவளுடைய நாட்குறிப்பைப் படித்துவிட்ட அவன், வண்ணங்களையும் தூரிகைகளையும் அடுப்பில் போடுகிறான். சாவிகளையும் நகைகளையும் பறித்துக்கொள்கிறான். சட்டப்படி இதில் எதுவும் குற்றமில்லை. பிறகு அவள் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி, பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்கிறாள். சட்டத்தை மீறியவள் இப்போது அவள்தான்; அவள் விற்கும் ஒவ்வொரு ஓவியத்தின் காசும்கூடச் சட்டப்படி அவனுடையது. படி 1இல் குறித்த ஆண்டுகளை இந்த இடத்தில் எடுத்துப் பாருங்கள். ஆன் 1849இல் காலமானார். இந்த நாவலை மறுபதிப்பு செய்ய அக்காள் சார்லட்டே விரும்பவில்லை. நீண்ட காலம் இது மங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

'மிடில்மார்ச்'சில் விஷயம் இன்னும் நுட்பமாக வருகிறது. டொரொத்தியாவின் வயதான கணவர் கசாபன், தான் இறந்த பிறகும் அவளைக் கட்டுப்படுத்த உயிலில் ஓர் இணைப்பு எழுதிவைக்கிறார்: வில் லேடிஸ்லாவை அவள் மணந்தால் என் சொத்து அவளுக்கு இல்லை. அவள் சொத்தை உதறிவிட்டு அவனை மணக்கிறாள். அந்தத் தீரத்தைப் புகழும் முன் ஜார்ஜ் எலியட் முதல் அத்தியாயத்திலேயே போட்டுவைத்த எண்ணைக் கவனியுங்கள்: பெற்றோர் வழியாக டொரொத்தியாவுக்கு வருடத்துக்கு 700 பவுண்டு சொந்த வருமானம் உண்டு.

படி 5: மறுக்க முடியாதவர்களிடம் வாருங்கள்

இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு துணை உள்ளவர்கள். படிப்பு, உறவு, கடைசி நேரத்தில் வரும் சொத்து. அவை எதுவும் இல்லாத பெண்ணை இந்த நாவல்கள் எங்கே வைக்கின்றன? இந்தப் படியில்தான் வாசகர் நிதானமாக நிற்க வேண்டும்.

எலிசபெத் காஸ்கெல் மான்செஸ்டரில் மதகுரு ஒருவரின் மனைவி. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களை நெருக்கத்தில் பார்த்தவர். அவருடைய 'ரூத்' (1853), பணக்கார இளைஞனால் ஏமாற்றப்பட்டுக் குழந்தையோடு கைவிடப்பட்ட தையல்காரப் பெண்ணின் கதை. இப்படிப்பட்டவளை நாயகியாக்கி, மரியாதையாகவும் நடத்தியதைப் பொறுக்காமல் காஸ்கெலுக்குத் தெரிந்தவர்களே புத்தகத்தை எரித்தார்கள். ஆனால் அவராலும் ரூத்தை வாழவைக்க முடியவில்லை. காய்ச்சல் வந்தவர்களுக்குப் பணிவிடை செய்து, அதே காய்ச்சலில் அவளைச் சாகவைக்கிறார். வழுவிய பெண் சாக வேண்டும் அல்லது கடல் கடந்து போக வேண்டும் என்பது ஏறக்குறைய எழுதப்படாத விதியாக இருந்தது. ஜார்ஜ் எலியட்டின் 'ஆடம் பீட்' (1859) நாவலில் ஹெட்டியின் தூக்குத் தண்டனை நாடுகடத்தலாகக் குறைகிறது. சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' (1850) எம்லியை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றுகிறது. டிக்கன்ஸ் நிஜ வாழ்விலும் 1847 முதல் ஆஞ்சலா பர்டெட்-கூட்ஸ் என்ற செல்வச் சீமாட்டியோடு சேர்ந்து லண்டனில் இத்தகைய பெண்களுக்கு ஓர் இல்லம் நடத்தினார். அங்கேயும் பயிற்சி முடிந்தால் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவதே திட்டம்.

தாமஸ் ஹார்டியின் 'டெஸ் ஆஃப் தி டர்பர்வில்ஸ்' (1891) இந்த விதியோடு நேருக்கு நேர் மோதுகிறது. 'தூய பெண்' என்று துணைத்தலைப்பிலேயே அறிவித்துவிட்டார் ஹார்டி. குடித்த தகப்பனால் எழுந்திருக்க முடியாததால் இரவில் வண்டி ஓட்டிப்போகும் டெஸ் கண்ணயர்கிறாள்; குதிரை செத்துப்போகிறது. குடும்பத்தின் பிழைப்பே அந்தக் குதிரை. அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவளை அலெக் என்ற பணக்கார இளைஞனின் வீட்டு வேலைக்குத் தள்ளுகிறது. அவன் அவளைக் கெடுத்தபின் வீடு திரும்பியவள் தாயிடம் கேட்கும் கேள்வியை மறக்கவே முடியாது: ஆண்களால் ஆபத்து வரும் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை? பெரிய இடத்துப் பெண்களுக்கு நாவல் படித்தாவது தெரிந்துவிடுகிறது, எனக்கு அந்த வாய்ப்பும் இல்லையே என்ற பொருளில் பேசுகிறாள். நாவலுக்குள்ளேயே நாவல் யாரைச் சென்றடைகிறது, யாரை எட்டுவதில்லை என்று ஹார்டி சொல்லிவிடுகிறார்.

பிறகு டெஸ்ஸை மணக்கும் ஏஞ்சல் கிளேர், திருமண இரவில், தான் லண்டனில் முன்பின் தெரியாத ஒருத்தியோடு கழித்த நாட்களைச் சொல்கிறான். டெஸ் உடனே மன்னிக்கிறாள். அவள் தன் கதையைச் சொன்னதும் அவன் அவளை விட்டுப் பிரிந்து பிரேசிலுக்குப் போய்விடுகிறான். 1857ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே இரட்டை அளவுகோல், ஒரே அறையில் இரண்டு வாக்குமூலங்களாக வந்து நிற்கிறது. பின்னர் தகப்பன் சாகிறான். அவன் ஆயுளோடு குத்தகை முடிவதால் குடும்பம் தெருவுக்கு வருகிறது. தங்கை தம்பிகளுக்குக் கூரை தருகிறேன் என்று அலெக் மீண்டும் வரும்போது டெஸ்ஸிடம் மறுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எலிசபெத் பென்னட்டிடம் இருந்த, வரப்போகும் அந்த 40 பவுண்டுகூட.

இதே படியில் இன்னும் இருவர். 'நார்த் அண்ட் சவுத்' (1855) நாவலில் பஞ்சாலையில் தூசியைச் சுவாசித்து 19 வயதில் நுரையீரல் போய்ச் சாகும் பெஸ்ஸி ஹிக்கின்ஸ். தூசியை இழுக்கும் காற்றாடிச் சக்கரம் உண்டு, அது ஐந்நூறு அறுநூறு பவுண்டு ஆகும், லாபம் தராது என்பதால் முதலாளிகள் வைப்பதில்லை என்று அவளே சொல்கிறாள். டேஷ்வுட் பெண்கள் நால்வர் ஒரு வருடம் வாழ்ந்த தொகை அது. மற்றவள் ரோச்செஸ்டரின் மாடியறையில் பூட்டப்பட்ட பெர்த்தா மேசன். ஜமைக்காவில் தோட்ட முதலாளியின் மகள். 30,000 பவுண்டு சீரோடு வந்தவள். அந்தப் பணம் அவனுக்குப் போயிற்று, அவள் அறைக்குள் போனாள். அவளுக்கு அந்த நாவலில் ஒரு நேரான வார்த்தைகூடத் தரப்படவில்லை. அந்தக் குறையை டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 'வைட் சர்காஸோ சீ' (1966) என்ற நாவலாக எழுதித் தீர்த்தார். ஜேன் அயரை நேசிப்பவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நேசம் குறையாது, கேள்விகள் கூடும்.

படி 6: ஆண்களையும் கணக்கில் எடுங்கள்

பெண்களை மட்டும் பார்த்தால் படம் பாதிதான். ரோச்செஸ்டர் ஏன் பெர்த்தாவை மணந்தான்? எஸ்டேட் முழுவதும் அண்ணனுக்கு என்று தகப்பன் முடிவு செய்ததால், இளையவனுக்குப் பணக்காரப் பெண் தேவைப்பட்டாள். 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' (1860) நாவலில் டாம் டல்லிவருக்கு லத்தீனும் யூக்ளிடும் மண்டையில் ஏறவில்லை, ஆனாலும் திணிக்கிறார்கள். தங்கை மேகிக்கு அவை தாகம், ஆனால் பெண்களுக்கு மேலோட்டமான அறிவுதான் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். ஒரே ஏற்பாடு இரண்டு பிள்ளைகளையும் இரண்டு விதமாக வீணாக்குகிறது.

படி 7: புத்தகம் வாசகர் கைக்கு வந்த வழியைப் பாருங்கள்

ஏன் இவ்வளவு நீளம், ஏன் சில இடங்களில் எழுத்தாளர் சட்டென்று மௌனமாகிறார் என்ற கேள்விகளுக்குப் பதில் புத்தகச் சந்தையில் இருக்கிறது. புதிய நாவல் வழக்கமாக மூன்று தொகுதிகளாக வரும். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஜேன் அயரின் சம்பளத்தில் ஏறக்குறைய இருபது நாள் உழைப்பு. அதனால் மக்கள் வாங்குவதில்லை. மூடி என்பவரின் வாடகை நூலகத்தில் வருடம் ஒரு கினி சந்தா கட்டிப் படிப்பார்கள். குடும்பத்தோடு, மகள்களின் காதில் விழும்படி வாசிக்க முடியாத நூலை மூடி எடுக்க மாட்டார். அவர் எடுக்காவிட்டால் பதிப்பாளருக்கு நஷ்டம். மூன்று தொகுதி முறை 1890களின் நடுவில்தான் ஒழிந்தது.

பத்திரிகைத் தொடர்களிலும் இதே நெருக்கடி. 'டெஸ்' முதலில் 'தி கிராஃபிக்' வார இதழில் வந்தது. வெள்ளம் நிற்கும் பாதையில் ஏஞ்சல் பால்பண்ணைப் பெண்களை ஒவ்வொருவராகக் கைகளில் தூக்கிக்கொண்டு கடக்கும் காட்சி ஆசிரியருக்கு உறுத்தியது. தொடரில் அவன் அவர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப்போகும்படி ஹார்டி மாற்றிக் கொடுத்தார். புத்தகமானபோது பழையபடி திருத்திக்கொண்டார். நாவலில் ஓர் இடம் மழுப்பலாகத் தோன்றினால் எழுத்தாளரைக் குறைசொல்லும் முன் இந்தத் தள்ளுவண்டியை நினையுங்கள்.

பெயர்களையும் கவனியுங்கள். ஆஸ்டினின் முதல் நாவல் 'ஒரு சீமாட்டி' எழுதியதாகத்தான் அச்சாயிற்று. பிராண்டி சகோதரிகள் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் ஆனார்கள். மேரி ஆன் எவன்ஸ் ஜார்ஜ் எலியட் ஆனார். இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது என்று 1837இல் அரசவைக் கவிஞர் ராபர்ட் சதியே சார்லட் பிராண்டிக்குக் கடிதம் எழுதியிருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து 'ஜேன் அயர்' வந்தது.

படி 8: எந்த வரிசையில் படிப்பது?

முதலில் 'பிரைடு அண்ட் பிரஜுடிஸ்'. அடுத்து 'ஜேன் அயர்', அதன் சூடு ஆறும் முன் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்'. நான்காவதாக 'நார்த் அண்ட் சவுத்', பிறகு 'டெஸ்'. 'மிடில்மார்ச்' எல்லாவற்றையும்விடப் பெரியது, ஆழமானது. அதைத் தொடக்கத்தில் எடுத்துப் பாதியில் விட்டவர்கள் அதிகம் என்பதால் ஆறாவதாக வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை முடிந்தவை என்பதால் எல்லாமே புராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் முதல் வாசிப்புக்குப் பின்குறிப்புகள் உள்ள பென்குவின் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பை வாங்கினால் சட்டச் சொற்களுக்கும் பணக் கணக்குக்கும் தடுமாற வேண்டாம்.

ஒவ்வொரு நூலுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி நாயகியின் வயது, அவளுக்குச் சொந்தமான தொகை, அவள் மறுக்கும் அத்தியாய எண், மறுத்த மறுநாள் அவள் தூங்கிய இடம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஆறு நூல்கள் முடிந்ததும் ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் 'தி ஆட் விமன்' (1893) பக்கம் போகலாம். அதில் ரோடா நன் என்பவள் பெண்களுக்குத் தட்டச்சு கற்றுத்தரும் பயிற்சிக்கூடத்தில் வேலை செய்கிறாள். கடைசியில் கல்யாணத்தை மறுக்கிறாள். அவளுக்கு உயிலும் வரவில்லை, சிற்றப்பா பணமும் வரவில்லை. தொகை எழுதும் இடத்தில் முதன்முறையாக நீங்கள் அவள் செய்யும் வேலையின் பெயரை எழுதுவீர்கள்.

அதே ஆண்டுகளில் சென்னையிலும் ஒருவர் ஆங்கிலத்தில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தார். மராட்டியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் படிப்பை விட்ட கிருபாபாய் சத்தியநாதன். அவருடைய 'சகுணா' சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. 'கமலா' 1894இல் நூலானது. படிக்க விரும்பும் பெண், குழந்தையாகவே மணமுடிக்கப்பட்ட பெண் என்று இரண்டு வாழ்க்கைகள். ஆஸ்டினிலிருந்து கிஸ்ஸிங் வரை நிரப்பிய அதே நான்கு வரிகளை இவர்களுக்கும் நிரப்பிப் பாருங்கள். விதவையாகும் கமலாவின் பக்கத்தில் இரண்டாவது வரியை நிரப்பும்போது இந்து விதவையின் சொத்துரிமை, மறுமணம் பற்றிய 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றையும் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.